விருந்தாளி என்று பெயர் வைத்தோம்

சமையலறையில் அன்று கூடியிருந்தவர்கள்: அண்ணன், நகக்கண்களில் ஜெராக்ஸ் மெஷின் மசியோடு. அண்ணி, முக்காலியில், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. அண்ணியின் அக்கா, அடுப்புமேடையில் சாய்த்து வைத்த போனில், ஸ்பீக்கரில். நான், சட்டையைக் கழற்றிப்போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. எங்களுக்கு நடுவே, மூடி இறுக்கிய ஜாம் பாட்டிலுக்குள், ஒரு மூட்டைப்பூச்சி.

வராதவர்: சித்தப்பா. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கூட்டமே போட்டோம்.

சித்தப்பா எங்கள் அப்பாவின் தம்பி. பல் டாக்டர் ஒருவரின் க்ளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவர் வேலை. "ஏழாம் நம்பர், வாயை இப்பவே திறந்துக்கிட்டு உள்ள போங்க, டாக்டருக்கு நேரம் மிச்சம்" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கூப்பிடுவார். பயந்து உட்கார்ந்திருப்பவர்களும் சிரித்துவிடுவார்கள். சித்தி போய்ச் சேர்ந்தபின், பிள்ளையும் இல்லாமல், ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தார். அந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றதும் ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேறு இடம் கிடைக்கும்வரை என்று அவரும் சொன்னார், நாங்களும் சொன்னோம். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டில் இரண்டே அறை. உள்ளறை அண்ணனுக்கும் அண்ணிக்கும். முன்னறையில் ஒரு மரக்கட்டில். எனக்குப் பார்சல் பிரிக்கும் கிடங்கில் ராத்திரி ஷிப்ட். காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு அகப்பட்ட வேலை. அதனால் கட்டில் ராத்திரி சித்தப்பாவுக்கு, பகலில் எனக்கு. நான் வந்து சேரும்போது அவர் எழுந்து, போர்வையை உதறி மடித்து, தலையணையைத் திருப்பிப் போட்டு வைத்திருப்பார். "உனக்கு அந்தப் பக்கம்டா. நான் தலை வைக்காத பக்கம். புதுசு மாதிரி" என்பார்.

அண்ணி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான். அந்தப் பிள்ளை வளர்வதை இந்த வீட்டிலேயே இருந்து பார்க்க வேண்டும். அதை அவர் ஒளித்து வைக்கவும் இல்லை. "நான் சின்னத் தாத்தா ஆகப்போறேன். பொறுப்பு கம்மி, செல்லம் ஜாஸ்தி" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் கடி வாங்கியவன் நான். முதுகில் வரிசையாகத் தடிப்பு. மருந்துக் கடைக்காரர் அலர்ஜி என்று ஒரு களிம்பு கொடுத்தார். களிம்பு தீர்ந்தது, தடிப்பு தீரவில்லை. ஒருநாள் அண்ணி மெத்தையைப் புரட்டினாள். தையல் ஓரத்தில் மை தெளித்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள். நடுவே ஊர்ந்த ஒரு பூச்சியை நகத்தால் நசுக்கியதும் அழுகிய கொத்தமல்லி வாடை. அண்ணி போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். சித்தப்பாவின் உடம்பில் மட்டும் ஒரு தடிப்புகூடக் கிடையாது. சிலருக்குக் கடித்தாலும் தடிக்காதாம். அதே மெத்தையில் அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுவோம்," என்றான் அண்ணன். "ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும்."

"கொசுவத்தி கூட வேண்டாம்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. நீங்க வீடு பூரா விஷத்தை அடிக்கலாம்ங்கறீங்க," என்றாள் அண்ணி. "அதுவுமில்லாம, மருந்தடிக்கிற வண்டி வாசல்ல நின்னா கீழ்வீட்டம்மா சும்மா இருப்பாங்களா?"

கீழ்வீட்டம்மாதான் வீட்டுக்குச் சொந்தக்காரர். பக்கத்துத் தெருவில் ஒரு குடித்தனத்தை இதே பூச்சிக்காகக் காலி செய்ய வைத்தார்கள் என்று அவர் வாயாலேயே கேட்டிருக்கிறோம். பிரசவ நேரத்தில் வீடு தேடி அலைய முடியாது.

"ஏண்டி, மருந்து எதுக்கு?" என்றது போன். அண்ணியின் அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் இயற்கை வைத்தியம் உண்டு. "வெயில் இருக்கு. கொதிக்கிற தண்ணி இருக்கு. வேப்பெண்ணெய் இருக்கு. கட்டிலை செவுத்துல ஒட்டாம தள்ளிப் போடு. கால் நாலுக்கும் கிண்ணம் வச்சு சோப்புத் தண்ணி ஊத்து, ஏற முடியாது. மெத்தையைக் கறுப்பு பிளாஸ்டிக்ல சுத்தி மொட்டைமாடியில போடு, உள்ளயே வெந்து சாகும். விடாம செய்யணும். ஒருநாள் செஞ்சுட்டு உக்காந்தா ஆகாது."

"அக்கா, மெதுவா. அந்தப் பேரைச் சொல்லாத. குழாய் போற சந்து வழியா எல்லாம் கீழ கேக்கும்."

"அப்போ விருந்தாளின்னு சொல்லு. கூப்பிடாம வந்து, நம்ம படுக்கையில படுத்து, நம்ம ரத்தத்தையே குடிக்குதே, வேற என்னவாம்?"

அண்ணன் சத்தமாகவே சிரித்தான். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான். அன்றோடு அந்தப் பூச்சிக்கு அதுவே பெயராயிற்று.

"மாமாகிட்ட சொல்ல வேண்டாமா? அவரும்தானே அதுல படுக்கறார்," என்று அண்ணிதான் கேட்டாள்.

"சித்தப்பாகிட்டயா?" என்றான் அண்ணன். "பேசாம நாமளே தெருவுல நின்னு தமுக்கடிச்சிடலாம். காலையில கீழ்வீட்டம்மாகிட்ட அரை மணி நேரம் பேசாம அவருக்கு நாள் விடியாது. அவர் வாயில எது நின்னிருக்கு?"

யாரும் மறுக்கவில்லை. எதுவும் அவர் வாயில் நிற்காது என்பது எங்கள் வீட்டில் தீர்ந்துபோன விஷயம்.

வேலை தொடங்கியது. கட்டிலை நகர்த்தினோம். கால்களுக்குக் கிண்ணம் வைத்தோம். சித்தப்பா அன்று மாலை வந்து பார்த்துவிட்டு, "என்ன மருமகளே, கட்டிலுக்குக் கால் கழுவி விடுறீங்களா?" என்றார்.

"எறும்பு மாமா."

"எறும்பா? இவன் மேல என்ன சர்க்கரையா கொட்டியிருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அத்தோடு விட்டுவிட்டார்.

அவர் கிளம்பியதும் அண்ணி கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைப்பாள். நான் கட்டிலின் பொருத்துகளில் ஊற்றுவேன். காய்ந்ததும் வேப்பெண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவுவேன். பிறகு அதே கட்டிலில் அந்த வாடைக்குள் படுத்துத் தூங்குவேன். போர்வை, தலையணை உறை எல்லாம் கைபொறுக்காத சூட்டில் ஊறும். சாயங்காலத்துக்குள் காயவைத்துப் பழையபடி விரித்துவிடுவோம். சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்குப் பட்ட பாடு, பூச்சியோடு பட்ட பாட்டைவிட அதிகம்.

அக்காவும் தங்கையும் தினம் பேசினார்கள். பூச்சியின் பெயரைச் சொல்லாமல் பூச்சியைப் பற்றியே பேசினார்கள். பேசப் பேச அண்ணிக்கு அந்தப் பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

நடந்தது ஒரு மதியம். பல் டாக்டர் வெளியூர் போய்விட்டதால் க்ளினிக்கைச் சீக்கிரம் பூட்டிவிட்டார்கள். எங்களுக்கு அது தெரியாது. நான் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். சமையலறையில் அண்ணி போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது, காற்றுக்காக. படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. வாசலுக்கு வந்து நின்றது.

அண்ணி சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்:

"விருந்தாளி இன்னும் போகலக்கா. எங்க போகும்? சுகமா இடம் கிடைச்சிருக்கே. பட்டினி போட்டா போகுமான்னு பாத்தா, ஒரு தடவை சாப்பிட்டா மாசக்கணக்குல தாங்குமாம். இவரு மருந்து வச்சே ஆகணும்ங்கறார். நான்தான் கூடாதுன்னுட்டேன். சுடுதண்ணி ஊத்திப் பாத்துட்டோம். கொஞ்சம் அடங்கியிருக்கு, அவ்வளவுதான். குழந்தை பொறக்கறதுக்குள்ள இந்த வீட்டை விட்டுத் துரத்தியாகணும்க்கா. குழந்தை இருக்கற எடத்துல அது எப்படி இருக்க முடியும்? நெனச்சாலே எனக்கு உடம்பெல்லாம் கூசுது."

செருப்புச் சத்தம் திரும்பிப் படியிறங்கிப் போனது. எதையோ மறந்துவிட்டு எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து சித்தப்பா வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்தார். "டாக்டர் வீட்டுல குடுத்தாங்க" என்பார். "வழியில சாப்பிட்டுட்டேன்" என்பார். முன்னறையில் அவர் சாமான்கள் மெல்லமெல்லக் காணாமல் போயின. சீப்பு, சவரப்பெட்டி, ஆணியில் தொங்கிய சட்டை எல்லாம் சூட்கேஸுக்குள் போயின. காலையில் கீழ்வீட்டம்மாவோடு பேச்சும் நின்றது. அண்ணிக்கு அதில் நிம்மதி. "மாமா இப்பல்லாம் அமைதியாயிட்டார்" என்றாள். வயதாகிறது, அப்படித்தான் என்றான் அண்ணன். அவரைப் பற்றி நாங்கள் யோசித்தது அவ்வளவுதான்.

ஒரு மாலை எல்லோரும் வீட்டில் இருந்தோம். நான் ஷிப்டுக்குக் கிளம்பவில்லை இன்னும். சித்தப்பா சூட்கேஸைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"க்ளினிக்குக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மா கெடக்கு," என்றார். "பழைய நாற்காலியெல்லாம் போட்டு வச்சிருந்தாங்க. டாக்டர் என்னையே தங்கிக்கச் சொல்லிட்டார். காவலுக்குக் காவலும் ஆச்சு. இந்த வாரத்துலயே போயிடலாம்னு இருக்கேன்."

"என்ன திடீர்னு?" என்றான் அண்ணன்.

"திடீர்னு என்னடா? விருந்தாளி எத்தனை நாளைக்கு இருக்கறது? கொழந்தை பொறக்கறதுக்குள்ள கெளம்பணுமில்ல?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அண்ணியின் கையில் இருந்த கரண்டி தரையில் விழுந்தது.

"ஐயோ மாமா," என்றாள். "ஐயோ, நீங்க கேட்டீங்களா?"

"காதுல விழுந்துது. தப்பில்லம்மா. உன் வீடு, உன் புள்ள."

"மாமா, அது நீங்க இல்ல! அது பூச்சி! மூட்டைப்பூச்சி!"

கீழ்வீட்டம்மாவுக்குக் கேட்டிருந்தால் கேட்டிருக்கட்டும். அண்ணி கத்தியேவிட்டாள். அண்ணன் ஓடிப்போய் பரண்மேல் ஒளித்து வைத்திருந்த ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்தான். இப்போது அதில் ஏழெட்டு இருந்தன. என்னைச் சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகைக் காட்டினான். பெயர் வைத்த கதை, கிண்ணம், சுடுதண்ணீர், வேப்பெண்ணெய், எல்லாவற்றையும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சித்தப்பா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாவிகளா! என் மேல சுடுதண்ணி ஊத்திப் பாத்தாங்களாம், நான் அடங்கிட்டேனாம்! எப்போ ஊத்தினாங்கன்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு மண்டையே காஞ்சு போச்சுடா. பாத்ரூம்ல என்னைக்கோ தண்ணி கொஞ்சம் சூடா இருந்துச்சு, அதுதான் போலன்னு நெனச்சுட்டேன்."

"மருந்து வைக்கப் போறோம்னு வேற நெனச்சிருப்பீங்க," என்றான் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதான் வெளியிலயே சாப்பிட்டுட்டு வந்தேன்."

எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அண்ணி அவருக்குத் தட்டு வைத்தாள். அவர் உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடியே, சாதாரணமாகக் கேட்டார்.

"அப்போ, கொழந்தை பொறந்தப்புறமும் நான் இங்கயே இருக்கலாம்ல?"

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அடுப்பைப் பார்த்தான். பிள்ளை வந்தால் தொட்டில் எங்கே போடுவது, அண்ணியின் அக்கா வந்து தங்கினால் எங்கே படுப்பாள் என்று அவர்கள் இருவரும் உள்ளறையில் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எப்போதும் முன்னறைக் கட்டிலில் வந்து நிற்கும். அங்கே நின்றுவிடும். வாய்விட்டு யாரும் முடித்ததில்லை.

உடனே பதில் வந்திருக்க வேண்டும். ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும். நானே சொல்லியிருக்கலாம். வீடு என்னுடையது இல்லையே என்ற சாக்கு கையிலேயே இருந்தது.

"அதுக்கென்ன சித்தப்பா," என்றான் அண்ணன். "அப்போ பாத்துக்கலாம்."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். ஒழுகும் குழாயை மாற்றுவது பாத்துக்கலாம். நான் மறுபடி காலேஜில் சேருவது பாத்துக்கலாம். சித்தியை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவதும் ஒருகாலத்தில் பாத்துக்கலாம்தான். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல எங்களுக்கு வராது. அதற்குப் பதிலாக இதைச் சொல்வோம். வேறு ஏதாவது ஒரு பொய்யை அண்ணன் சொல்லியிருந்தால்கூட, அவர் நம்பியிருப்பார்.

"ஆமாமா," என்றார் சித்தப்பா. "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்."

தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கழுவி வைத்துவிட்டு, சூட்கேஸைத் தரையில் இறக்கி வைத்தார். அதைப் பிரிக்கவில்லை.

பூச்சியை ஒழிக்காமல் போவதில்லை என்று அவரே சொன்னார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைமை அவர்தான். திருப்புளியை வாங்கிக் கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றினார். மெத்தையை அண்ணனும் நானும் மொட்டைமாடிக்குத் தூக்கினோம். கறுப்பு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, வெயிலில் கிடத்தினோம். கட்டில் சட்டங்களை வரிசையாகச் சாய்த்து வைத்து, அண்ணி கீழே கொதிக்க வைத்துக் கொடுக்கக் கொடுக்க, நான் கெண்டியைச் சுமந்துகொண்டு படியேறினேன். துளையிலும் இடுக்கிலும் சித்தப்பாதான் ஊற்றினார்.

"நாலாம் நம்பர், உள்ள வாங்க. பயப்படாதீங்க, வலிக்காது. அஞ்சாம் நம்பர், கூட யார் வந்திருக்கா? குடும்பத்தோடவா? எல்லாரும் வாங்க."

என் கையிலிருந்து கெண்டியை வாங்கிய அண்ணன், சிரித்துச் சிரித்துச் சுடுதண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொள்ளப் பார்த்தான். மெத்தையைப் பிரித்ததும் தையலைத் தேய்க்க, சித்தப்பா இஸ்திரிப் பெட்டியும் கொண்டுவந்தார். ஈரத்துணியைப் போட்டு அதன்மேல் தேய்த்தால் ஆவி உள்ளே போகும், முட்டையும் வெந்துவிடும் என்று அண்ணியின் அக்கா போனில் சொல்ல, "உங்க அக்காவை டாக்டர்கிட்ட அசிஸ்டென்டா சேத்துவிடட்டுமா?" என்று கீழே பார்த்துக் கத்தினார்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டம்மா மூச்சு வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். பிரித்துப்போட்ட கட்டில், ஆவி பறக்கும் கெண்டி, கறுப்பு மூட்டைபோல மெத்தை.

"என்ன நடக்குது இங்க? கட்டிலுக்கு என்ன வந்துது?"

அண்ணன் மெத்தையை மறைத்துக்கொண்டு நின்றான். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? கொழந்தை வரப்போற வீடு," என்றார் சித்தப்பா, அமைதியாக. "நான் ஒரு கெழவன் இத்தனை நாள் படுத்துப் பொரண்ட கட்டில். அப்படியே குடுக்க முடியுமா? கொதிக்கிற தண்ணியில சுத்தம் பண்ணிக் குடுக்கறேன். உங்க வீட்டுக் கட்டில் இருந்தாலும் கொண்டாங்க, சேத்து ஊத்திடலாம்."

கீழ்வீட்டம்மா சிரித்துவிட்டு, "உங்களை மாதிரி ஒரு பெரியவங்க வீட்டுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சித்தப்பா எங்கள் பக்கம் திரும்பவில்லை. அடுத்த துளையில் தண்ணீர் ஊற்றினார். முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்கலாம் என்று அண்ணன் அப்போது நினைத்திருப்பான். அவன் முகத்தில் அது தெரிந்தது. எதுவும் வாயில் நிற்காத மனிதர் என்று முடிவு கட்டியது நாங்கள்தான். ஒரு தடவைகூட எதையும் கொடுத்துப் பார்த்தது கிடையாது.

அது போல இன்னும் இரண்டு ஞாயிறு செய்தோம். நடுநாட்களில் வேப்பெண்ணெய், சுடுதண்ணீர், கிண்ணம். கிண்ணங்களில் விழுவது குறைந்து, பிறகு நின்றது. என் முதுகில் தடிப்பு ஆறித் தழும்பானது. எங்கிருந்து வந்தது அந்தப் பூச்சி என்பது கடைசிவரை தெரியவில்லை. அவர் சூட்கேஸோடு வந்திருக்கலாம், என் கிடங்குப் பார்சலோடு வந்திருக்கலாம். இயற்கை முறை பலிக்கும். நேரம் பிடிக்கும், கூட நின்று செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சித்தப்பா ஒரு காலையில் போனார். நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது போர்வை மடித்திருந்தது. கட்டிலைத் தட்டிக் காட்டி, "ஒண்ணும் இல்ல, நல்லா தூங்கு" என்றார். அண்ணி, "இருங்க மாமா" என்றாள். "ஏன் மாமா இப்படி" என்றாள். அழவும் செய்தாள். "இருங்க, குழந்தை பொறந்தப்புறமும் இருங்க" என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. அவர் அதற்காகக் கொஞ்சநேரம் வாசலில் நின்றதாகத்தான் எனக்குத் தோன்றியது. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நின்றார். பிறகு போய்விட்டார்.

கட்டில் எனக்கே கிடைத்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நன்றாகத்தான் தூங்கினேன்.

பெண் குழந்தை பிறந்தது. சித்தப்பா ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்துக்கு வந்து, பார்வையாளர் நேரம் முடிந்ததும் போனார். வீட்டுக்கு ஒருமுறை வந்தார். கதவைத் தட்டினார். அதுவரை அந்தக் கதவை அவர் தட்டியதே இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்டுவிட்டுத் தூக்கினார். தண்ணீர் குடித்தார். "கிளம்பட்டுமா?" என்று அனுமதி கேட்டார். அவர் போனதும் அண்ணி தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட்டிலுக்கு உள்ளறையிலேயே தாராளமாக இடம் இருந்தது. அக்கா வந்து ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

"ஒரு வார்த்தை," என்றாள். "ஒரு வார்த்தை சொல்றதுக்கு நமக்கு என்ன கேடு?"

"அவரா போனார். நாம போகச் சொன்னோமா?" என்றான் அண்ணன்.

"நீங்க பேசாதீங்க. உங்க பாத்துக்கலாமும் நீங்களும்."

அவனுக்கும் உறுத்தல் இருந்தது. அதை எரிச்சலாகத்தான் அவனுக்குக் காட்டத் தெரியும். அடுத்த நாள் காலையில் அண்ணி என்னிடம் வந்தாள். "தம்பி, நீங்க போய் மாமாவைக் கூட்டிட்டு வாங்க. குழந்தைக்கு அவர் வேணும்னு சொல்லுங்க. எனக்கு வேணும்னு சொல்லுங்க."

மதியம் க்ளினிக்குக்குப் போனேன். காலை நோயாளிகள் முடிந்து டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருக்கும் நாற்காலிகளைச் சித்தப்பா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னறையைக் காட்டினார். மடக்குக் கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் முழுப் பல்வரிசையின் படம். "ராத்திரி எழுந்தா இதுதான் என்னைப் பாத்து சிரிக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

"வீட்டுக்கு வாங்க சித்தப்பா," என்றேன். "அண்ணி கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பாப்பாவுக்கு நீங்க வேணுமாம். அண்ணிக்கே வேணுமாம்."

"அவ நல்ல பொண்ணுடா," என்றார். நாற்காலியைத் துடைத்தார். "அவன் என்ன சொன்னான்?"

நான் கிளம்பும்போது அண்ணன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிராமலேயே, "கூப்பிட்டுப் பாரு. வரமாட்டார்" என்று சொன்னான். அதை எப்படி மாற்றிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"அண்ணனும் கூப்பிட்டான்," என்றேன்.

"எப்படிக் கூப்பிட்டான்?"

பதில் சொல்ல நேரமாகிவிட்டது. இந்தத் தடவையும்.

"சரி விடு," என்றார். துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். "ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லு. பாப்பாவைப் பாத்துட்டு, சாயங்காலம் திரும்பிடறேன்."

"தங்கறதுக்கு வாங்கன்னுதான் சொன்னாங்க."

"நான் அங்க இருந்தா, நான் எப்போ போவேன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் போன்ல யாராவது குரலைத் தாழ்த்திப் பேசினா, நான் நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். அந்தப் பழக்கம் வந்துடுச்சுடா. அது இனிமே போகாது." கை துடைத்துக்கொண்டார். "உன் அண்ணிகிட்ட இதையெல்லாம் சொல்லாத. வேலை ஜாஸ்தின்னு சொல்லு."

"சித்தப்பா."

"போடா. ராத்திரி முழிச்சவன் கண்ணு பாரு, ரத்தமா இருக்கு. போய்த் தூங்கு. டாக்டர் வர்ற வரைக்கும் நானும் கொஞ்சம் சாயணும்."

தோளில் கை வைத்து வாசல்வரை நடத்திக்கொண்டு வந்தார். தள்ளவில்லை. ஆனால் நிற்கவும் விடவில்லை. நான் படியில் கால் வைத்ததும் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து சாவி திரும்பியது.